வேறு வண்டியின் ஆக்சில்

லைமா, ஒஹையோ
ஏப்ரல் 6, 1991

டுவைட்,

வண்டி வந்து சேர்ந்தது. உன் சித்தப்பா மகன் டிரெய்லரிலிருந்து இறக்கிவிட்டு, காபிகூட வேண்டாம் என்று ஓடினான். ஏன் ஓடினான் என்று அப்போது புரியவில்லை.

நேற்றுதான் மழை விட்டது. ஷெவெல் காரைச் சாலைக்கு எடுத்தேன். முதல் கியரில் மிதித்தேன். இத்தனை வருஷம் என் முதுகை சீட்டோடு அறைந்த வண்டி, சோள மூட்டை ஏற்றிய லாரி மாதிரி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது டயர் மட்டும் புகைகிறது, இடது சும்மா வேடிக்கை பார்க்கிறது.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றுகிறது. என் ஆக்சிலில் இரண்டும் ஒரே பக்கம்தான் சுற்றும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் நடுத்தண்டு நாலு தடவைக்கு மேல் சுற்ற வேண்டும், இரண்டரையோடு நின்றுவிட்டது.

அது உன் பான்டியாக் காரின் ஆக்சில். பெட்ரோல் மிச்சம் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தூங்கி வழிவதற்கென்றே போட்டது. ஷெவெலும் பான்டியாக்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இதில் கழற்றி அதில் மாட்டினால் ஓட்டைக்கு ஓட்டை பொருந்தும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

என் ஆக்சிலுக்குள் கிரவுன், பினியன் பல்சக்கரங்களைச் சேர்த்தது என் கை. பல்லில் மஞ்சள் பெயின்ட் பூசி, சுற்றி, கடி எங்கே விழுகிறது என்று பார்த்து, தகடு மாற்றி, மறுபடி கழற்றி மறுபடி மாட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு கிடந்தேன். நீ உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஷெவெல் எனக்கு என்று நீதிபதி சொன்னார். முன்பாதி மட்டும் எனக்கு என்று சொல்லவில்லை. என் ஆக்சிலைத் திருப்பி அனுப்பு. போனில் பேசினால் கத்தலில் முடிகிறது, எழுதித்தான் பேச வேண்டும் என்று சொன்னதும் அதே நீதிபதிதான். அதனால் எழுத்தில் பதில் வேண்டும்.

டாரா இந்த அம்மாவின் போனை எடுப்பதில்லை. நன்றாக இருக்கிறாளா என்று ஒரு வரி எழுது.

நோரீன் ஸ்பர்லாக்

(ஆமாம், அப்பா வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்டேன்.)

*

கோகோமோ, இண்டியானா
ஏப்ரல் 15, 1991

மிஸ் ஸ்பர்லாக் அவர்களுக்கு,

கோர்ட்டு பேப்பரை எடுத்துப் பார்த்தேன். "ஷெவெல் கார் ஒன்று"ன்னுதான் போட்டிருக்கு. நாலு சக்கரம் இருக்கா? இருக்கு. எஞ்சின் இருக்கா? இருக்கு. ஓடுதா? சோள லாரி மாதிரி ஓடுதுன்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் என்ன குறை? உள்ளே எந்தப் பல்லு எந்தப் பல்லைக் கடிக்குதுன்னு அந்தப் பேப்பர்ல ஒரு எழுத்து இல்ல.

ஆமா, நான்தான் மாத்தினேன். மறைக்கல. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே ஓட்டைக்கு ஓட்டை பொருந்திச்சு. நல்ல வாத்தியார் நீ.

ஏன்னு கேளு. கேக்கமாட்டே, நானே சொல்றேன். கோர்ட்டுல அவ்வளவு பேர் முன்னாடி, கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு, நான் குடிச்சிட்டு டாராவைப் பக்கத்துல உக்கார வெச்சு வண்டி ஓட்டுவேன்னு சொன்னியே. நான் பீர் குடிப்பேன். வீட்டுல, சோபாவுல. வண்டியில அந்தப் புள்ள இருக்கும்போது ஒரு சொட்டு தொட்டதில்ல, அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனாலதான் பத்தொன்பது வயசுப் பொண்ணு, எங்கே வேணா போகலாம்னு இருந்தும், என்கூட வந்துட்டா. நீ என் நல்ல பேரை எடுத்துக்கிட்டே. நான் உன் கியரை எடுத்துக்கிட்டேன். கணக்கு சரி.

அவ நல்லா இருக்கா. லோயிஸ் நடத்துற சாப்பாட்டுக் கடையில காலை ஷிஃப்ட். பான்டியாக்கை அவதான் ஓட்டுறா. "அப்பா, இது முன்னாடி பன்னி மாதிரி கிடந்துச்சு, இப்ப கடிக்க வருது"ங்கிறா. சனிக்கிழமை பந்தயப் பாதைக்கும் எடுத்துட்டுப் போறா. போன வாரம் ரெண்டு பசங்க மூஞ்சியில புகையை விட்டுட்டு வந்தா. வலது கால் உன்னுதுதான், என்ன பண்றது.

டுவைட்

*

லைமா
ஏப்ரல் 22, 1991

டுவைட்,

சண்டையை ஓரமாக வை. இதை உட்கார்ந்து முழுசாகப் படி.

டாரா அந்த வண்டியை ஓட்டக்கூடாது. இன்றிலிருந்து. கடைக்குக்கூட வேண்டாம்.

போன அக்டோபரில் நான் ஆக்சிலைத் திறந்து பார்த்தேன். வலது பக்க ஷாஃப்டின் உள்முனையில், கிளிப் உட்காரும் பள்ளத்தை ஒட்டி, முடி மாதிரி ஒரு விரிசல். புது ஷாஃப்ட் வாங்கிப் போடலாம் என்றிருந்தபோதுதான் நம் விஷயம் வெடித்தது. வண்டியை மூடிப்போட்டு வைத்தேன். அதனால்தான் குளிர்காலம் முழுக்க நான் அதை எடுக்கவில்லை, நீ பார்த்திருப்பாய்.

அந்த முனை உடைந்தால் கிளிப் நிற்காது. கிளிப் இல்லையென்றால் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. சக்கரம் தண்டோடு உருவிக்கொண்டு வெளியே போகும். இது உனக்கே தெரியும்.

நீ அதைத் திருடாமல் இருந்திருந்தால் நானே கவனித்திருப்பேன். திருடினாய். சரி. கழற்றி, இரண்டு ஷாஃப்டையும் உருவி, கண்ணால் பார். பார்க்கும்வரை சாவியை அவளிடம் கொடுக்காதே.

நோரீன்

*

கோகோமோ
ஏப்ரல் 29, 1991

நோரீன்,

இந்தப் பேப்பர்ல இருக்கிற எண்ணெய்க் கறைக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். கையைக்கூடக் கழுவாம வந்து எழுதறேன். இந்தச் சூடு ஆறறதுக்குள்ள எழுதணும்.

உன் கடிதம் வந்த அன்னைக்கே சாவியை வாங்கி பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். மூணு நாளா புள்ள நடந்து வேலைக்குப் போச்சு. எனக்குச் சோறு இறங்கல. இன்னைக்கு லீவு போட்டு வண்டியைத் தூக்கினேன். மூடியைக் கழட்டினா அந்த நாத்தம் பிடிச்ச எண்ணெய் பாதி பக்கெட்டுக்கும் பாதி என் சட்டைக் கைக்கும் போச்சு. பூட்டுப் போல்ட்டை எடுத்து, குறுக்குத்தண்டை உருவி, கிளிப் ரெண்டையும் தட்டி எடுத்து, ஷாஃப்டை வெளியில கொண்டுவந்தேன். மண்ணெண்ணெயில கழுவினேன். துடைச்சேன். சாக்பீஸ் பூசிப் பார்த்தேன். விரிசல் இருந்தா எண்ணெய் கசிஞ்சு சாக்பீஸ்ல கோடு விழும், அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

ஒரு கோடு இல்ல. வலதுலயும் இல்ல, இடதுலயும் இல்ல. புதுசா பிறந்த புள்ள மாதிரி இருக்கு.

புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கிட்டுப் பார்த்தேன் நோரீன். டாராவையும் பார்க்கச் சொன்னேன். "எங்கேப்பா விரிசல்?"னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்? உங்கம்மா உன் உசிரை வெச்சு ஒரு கதை கட்டிருக்கான்னா? சொல்லல. சந்தேகத்துக்குப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டேன், மூடியும் எண்ணெயும்தான் பாக்கி. தபால்காரன் வர்ற நேரம், அதுக்குள்ள இதைப் பெட்டியில போட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். டாரா வெளியில நின்னுக்கிட்டு "அப்பா, நேரமாச்சு, சீக்கிரம்"னு கத்துறா.

கோர்ட்டுல ஒரு பொய். இப்ப இது. அடுத்தது என்ன?

டுவைட்

*

லைமா
மே 4, 1991

டுவைட்,

ஆமாம், பொய்தான்.

விரிசல் எதுவும் இல்லை. அக்டோபரில் நான் திறக்கவே இல்லை. அந்த ஷாஃப்ட் உன்னையும் என்னையும் புதைத்துவிட்டு இன்னும் நாற்பது வருஷம் சுற்றும்.

நீ முதுகை சிமென்ட் தரையில் போட்டுப் படுக்க வேண்டும், எண்ணெய் உன் சட்டைக் கைக்குள் ஒழுக வேண்டும், மூன்று நாள் சோறு இறங்காமல் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அத்தனையும் நடந்தது. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். இவ்வளவு சிரித்து ரொம்ப நாளாயிற்று. அந்த நாற்றம் மூன்று குளியலுக்குத் தலைமுடியை விட்டுப் போகாது. ஒவ்வொரு குளியலிலும் என்னை நினைத்துக்கொள்.

இதற்கு மேல் என் ஆக்சிலை நீயே வைத்துக்கொள். தெருவில் யாராவது "இது யார் கட்டினது?" என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

நோரீன்

*

கோகோமோ
மே 19, 1991

நோரீன்,

ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ அந்த முனையில, நான் இந்த முனையில, ரெண்டு வாரமா உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை பேசல. நீ தங்கியிருக்கிற லாட்ஜும் என் வீடும் ஒரே ஊர்ல இருந்தும் தபால்தான் போட வேண்டியிருக்கு. வாயால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

என்ன நடந்துச்சுன்னு டாக்டர் சொன்னதும் பந்தயப் பாதைக்காரங்க சொன்னதும் உனக்குத் தெரியும். மே நாலு, சனிக்கிழமை, மூணாவது ஓட்டம். அவ ரெண்டாவது கியருக்கு மாத்தின உடனே வலது சக்கரம் தண்டோட உருவிக்கிட்டு வெளியில வந்துச்சு. வண்டி சுவத்துல மோதிப் புரண்டுச்சு. இடுப்பெலும்பு, தொடை, இடது முழங்கால். நடப்பா, ஓடமாட்டா, ஒரு கம்பு கூடவே இருக்கும்னு டாக்டர் சொன்னதை நீயும் கேட்டே.

அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்ப எதையும் பார்க்கல. செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியைத் திறந்தேன். உன் சிரிப்புக் கடிதம் உள்ள இருந்துச்சு.

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. உடைஞ்ச வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்ததும் நான் ஆக்சில் மூடியைத் திறந்தேன். பூட்டுப் போல்ட்டு அடியில எண்ணெய்க்குள்ள கிடந்துச்சு. முழுசா. உடையல, வளையல, மரை ஒண்ணுகூடத் தேயல. அது தானா கழண்டு விழுந்திருக்கு. அது போனதும் குறுக்குத்தண்டு நகர்ந்திருக்கு, கிளிப் விழுந்திருக்கு, ஷாஃப்ட் போயிருக்கு.

அதை நான் ஸ்பேனர் வெச்சு முறுக்கல. விரலால மாட்டினேன். முறுக்கணும்னு நெனச்சேன். அப்பத்தான் உனக்கு எழுதணும்னு உள்ள போனேன். திரும்பி வந்தப்ப அவ அவசரப்படுத்தினா, மூடியைப் போட்டேன், எண்ணெயை ஊத்தினேன். உன்னை என்னென்ன திட்டலாம்னு மனசு முழுக்க அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

பழைய வண்டி, ஏதோ பாகம் போயிருக்கும்னு பாதைக்காரங்க எழுதிட்டாங்க. வேற யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்றேன். ஏன் சொல்றேன்னு தெரியல. இதைப் புரிஞ்சுக்கிறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல.

டுவைட்

*

கோகோமோ, ஆஸ்பத்திரி எதிரே
மே 26, 1991

டுவைட்,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. ஏழெட்டுத் தாள் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் உன்னைப் பற்றி. பிறகு எழுதியதெல்லாம் என்னைப் பற்றி. இரண்டும் இப்போது யாருக்கும் தேவையில்லை.

தேவையானதைச் சொல்கிறேன். அவள் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று தலை சீவிவிட்டேன். என்னிடம் பேச ஆரம்பித்தே நாலு நாள்தான் ஆகிறது. திடீரென்று கேட்டாள்: "அம்மா, கிளட்ச்சை முழுசா அமுக்காம கியரை மாத்தினா ஆக்சில் போகுமா?" போகாது என்றேன். "ரொம்பக் கடுமையா மாத்தினா?" போகாது என்றேன். "நீ சும்மா சொல்றே. அப்பா ஆறு வருஷமா ஆசையா வெச்சிருந்த வண்டி. நான் கொன்னுட்டேன். அவர் என் மூஞ்சியையே பார்க்கமாட்டேங்கிறார்" என்றாள்.

நீ ஏன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. உனக்குக் கோபம் என்று நினைக்கிறாள்.

போல்ட்டைப் பற்றி நீ சொல். விரிசலைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே நாளில், ஒரே அறையில், இரண்டு பேரும். வரும் ஞாயிறு மத்தியானம் வா.

நோரீன்

*

கோகோமோ
மே 30, 1991

நோரீன்,

வேண்டாம். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? உனக்கு உன் வேலை இருக்கு, உன் தங்கச்சி இருக்கா, அந்த ஊரே உன்னைத் தூக்கி வெச்சு ஆடுது. நான் காலையில எழுந்தா ஒரு டம்ளர் காபியும் அந்தப் புள்ள குரலும்தான். அப்பாதான் போல்ட்டு முறுக்காம விட்டாருன்னு தெரிஞ்சா அவ இந்த வீட்டு வாசப்படி மிதிப்பாளா?

ஒரு வருஷம் போகட்டும். காலு கொஞ்சம் தேறட்டும். "உன் தப்பு இல்லடா கண்ணு, வண்டி பழசு"ன்னு நான் தினம் சொல்றேன். நம்பிடுவா.

மீறி நீ சொன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். அந்த ஷாஃப்டு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் போல்ட்டு நல்லாத்தான் முறுக்கி இருந்துச்சு, உன் கையால. நீ அந்தப் பொய்யை எழுதலைன்னா நான் அதைத் திறந்திருக்கவே மாட்டேன். உன் கடிதம் ரெண்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு, நீ சிரிச்ச கடிதமும் சேர்த்து. அதை அவ படுக்கையில வெச்சுட்டு வந்துடுவேன். யாரை வெறுக்கறான்னு அப்புறம் பார்ப்போம்.

இதை எழுதிட்டு எனக்கே அசிங்கமா இருக்கு. ஆனாலும் கிழிக்கல.

ஞாயித்துக்கிழமை நான் வரல.

டுவைட்

*

லைமா
ஜூன் 12, 1991

டுவைட்,

கடிதத்தைக் கொண்டுபோய் வைக்கும் சிரமம் உனக்கு வேண்டாம். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிவரை உனக்காகக் காத்திருந்தேன். லோயிஸ் தன் கடையிலிருந்து பீச் பழ இனிப்பு கொண்டுவந்திருந்தாள். அவள் தன் தட்டைக் கழுவப் போனபோது டாராவிடம் ஆரம்பித்தேன். முதலில் என்னுடையது. விரிசல் என்று எழுதியது, நீ கழற்ற வேண்டும் என்றே எழுதியது, பிறகு சிரித்தது. அப்புறம் உன்னுடையது. நீ விரலால் மாட்டியது, உள்ளே போய் எனக்கு எழுதியது, மறந்தது. உன்னை மோசமாகக் காட்ட ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். நீ மூன்று நாள் சாவியை ஒளித்துவைத்துச் சாப்பிடாமல் கிடந்ததையும் சொன்னேன்.

டாரா இனிப்பைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டாள்.

"அப்ப நான் கியரைத் தப்பா மாத்தலையா?"

"இல்லை. சரியாகத்தான் மாற்றினாய்."

அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலைப் பற்றிச் சொன்ன அன்றும் அழவில்லை. கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டாள்.

"கோர்ட்ல அப்பா குடிச்சிட்டு ஓட்டுவாருன்னு சொன்னியே, அது?"

"அதுவும் பொய்தான்."

"வக்கீல் சொல்லச் சொன்னாரா?"

"ஆமாம். ஆனால் என் வாய்தானே."

தட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், கடையில் ஆர்டர் எடுப்பது மாதிரி சொன்னாள்: "நான் உங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் வரல. லோயிஸ் அவங்க வீட்டுக் கீழ் ரூமைத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வீட்டுல யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸுலதான் போவாங்க. எனக்கு அது போதும்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் என்னை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் அடிச்சிக்கிறதை நிறுத்தற வரைக்கும். அதனால அதிக நாளாகும்" என்றாள்.

அவளைப் பற்றி உனக்கு இனி எழுதமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். திங்கட்கிழமை லோயிஸ் தன் அண்ணனோடு வந்து அவளை அழைத்துப் போனாள். சக்கர நாற்காலியைப் பஸ்ஸில் ஏற்ற டிரைவர் இறங்கிவந்து உதவினார். நான் எதிர்ப்புறத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள். கை ஆட்டவில்லை. அதன் பிறகுதான் ஊருக்குக் கிளம்பினேன்.

ஆக, இந்தக் கடிதத்தோடு அந்தச் சத்தியமும் போயிற்று. நான் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று உனக்குத்தான் தெரியுமே. ஆனால் ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் அறையை விட்டுக் கிளம்பி, கதவுவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டாள்: "அம்மா, அப்பா ராத்திரி தூங்கறாரா?"

தெரியாது என்றேன்.

"கேட்டுச் சொல்லாதே" என்றாள். "சும்மா கேட்டேன்."

பதில் எழுதாதே, டுவைட். நீ தூங்குகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிட்டால், நான் அதை அவளிடம் கொண்டுபோய்ச் சொல்வேன்.

நோரீன்